கேட்டவர் யார்? வினாக்குறியின் வரலாறு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழராகிய நாம் அலுவல் நிமித்தம் நாள்தோறும் ஆங்கிலம் எழுதுகிறோம். பிறர் கேட்ட வினாவை எடுத்தெழுதும்பொழுது மட்டும், வினாக்குறி வேண்டுமோ வேண்டாவோ எனத் தயங்குகிறோம். அக்குறியின் வரலாற்றை அறியின் இத்தயக்கம் நீங்கும்.

8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சார்லமேன் மன்னர் ஆண்ட நாட்டின் இலத்தீன் ஏடுகளில் வினாக்குறி தோன்றிற்று. வாய்விட்டுப் படிப்போர் குரலை மாற்ற வேண்டிய இடத்தை அது காட்டியது. மேற்கோள் குறி வந்த வழி வேறு. பழைய ஏடுகளில் சிறப்புடைய பகுதிகளை ஓரத்தே சுட்டி நின்ற குறியே பின்னர் வரிக்குள் புகுந்தது. 18-ஆம் நூற்றாண்டில், ஆங்கில நாவல் வளர்ந்த காலத்தில், ஒருவர் பேச்சுக்கு இருபுறமும் வேலியாக அமைந்தது.

இவ்விரு குறிகளும் கூடும் இடத்துக்கு விதி வகுத்தோருள் லிண்ட்லி மர்ரே குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆங்கில இலக்கணம் 1795-இல் வெளிவந்தது. வினவியவரின் சொற்களை அப்படியே தந்தால் வினாக்குறி வேண்டும். அவர் வினவினார் எனச் செய்தி மட்டும் கூறினால் வேண்டா என்பது அவர் கொள்கை. இன்றும் அதுவே வழக்கு.

‘நீ எப்பொழுது வருவாய்?’ என்று அண்ணன் கேட்டார். இது நேர்கூற்று, ஆங்கிலத்தில் வினாக்குறி மேற்கோளுக்குள் நிற்கும். நான் எப்பொழுது வருவேன் என்று அண்ணன் கேட்டார். இஃது அயற்கூற்று, ஆங்கிலத்திலும் முற்றுப்புள்ளியே பெறும். ‘நாளை வருகிறேன்’ என்றா அண்ணன் எழுதினார்? இங்கே வினவுவோர் நாம். ஆதலின் குறி மேற்கோளுக்கு வெளியே நிற்கும். இதில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் வேறுபாடில்லை.

நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் மொழியிலேயே உளது. நன்னூல் கூறும் எ, யா, ஆ, ஓ, ஏ என்னும் வினா எழுத்துக்கள் சொல்லிலேயே வினாவைக் காட்டிவிடும். நேர்கூற்று, அயற்கூற்று இரண்டையும் ‘என்று’ என்னும் ஒரே சொல் தாங்கும். அப்பழக்கத்தால், ஆங்கிலத்தில் வினாச்சொல்லைக் கண்டவுடன் நம் கை வினாக்குறியை இட்டுவிடுகிறது.

இது சிறு பிழையன்று. தாமதம் ஏன் என மேலதிகாரி வினவினார் என்று குறிப்பெழுதுவோர் இறுதியில் வினாக்குறி இட்டால், அவர் வினவினாரா என்று நாமே ஐயுறுவதாகப் பொருள்படும். மேற்கோள் குறியும் இட்டால், அவை அவர் வாய்ச்சொற்களே என உறுதி கூறியவராவோம். ஆகவே, குறியிடுமுன் கேட்டவர் யார் என எண்ணிப் பார்ப்போமாக.