வெளிநாட்டிலிருந்து என்ன வாங்கி வரலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? போடிமெட்டு வழியே ஊர் திரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

போடிமெட்டு: வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் தேனி, இடுக்கி மாவட்டத்தினர் பலருக்கு வீட்டை அடையும் கடைசி வழி போடிமெட்டு மலைப்பாதையே ஆகும். கொச்சியில் இறங்குவோர் அடிமாலி, மூணாறு, பூப்பாறை வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்குகின்றனர். மதுரையில் இறங்குவோர் தேனி, போடி வழியாகச் சாந்தன்பாறை, தேவிகுளம் பகுதிகளுக்கு ஏறுகின்றனர். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியான இப்பாதையில் செல்லும் வாகனங்களில் பெட்டிகளும், உறவினருக்கான பரிசுப் பொருட்களும் நிறைந்திருப்பது வழக்கமான காட்சி.

ஆயினும் ஆசையோடு வாங்கிய பொருள் விமான நிலையச் சுங்கத்தில் தடுத்து வைக்கப்படுவதும், வாங்கிய விலையைவிடக் கூடுதலாகச் செலவு ஏற்படுவதும் உண்டு. தெரியாமல் எடுத்து வரும் சில பொருட்கள், ஏலத்தையும் தேயிலையையும் நம்பி வாழும் இம்மலைப்பகுதிக்கே கேடாக முடியலாம். எனவே பொருட்களைத் தேர்வு செய்யும் முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை தொகுத்தளிக்கிறது.

வரியில்லாச் சலுகையின் அளவு

பயணிகள் உடன் கொண்டுவரும் பொருட்களுக்கு 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட பயணப்பொதி விதிகளும் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருட்களின் மதிப்பு 2014ஆம் ஆண்டில் 45,000 ரூபாயாகவும், 2016ஆம் ஆண்டின் விதிகளில் 50,000 ரூபாயாகவும் இருந்தது. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், விமானம் அல்லது கப்பல் வழியாக வருவோருக்கு இவ்வரம்பை 75,000 ரூபாயாக உயர்த்தின.

பயணி அணிந்து வரும் ஆடைகள், அன்றாடப் பயன்பாட்டில் உள்ள பொருட்கள் ஆகியவை இக்கணக்கில் சேரா. 18 வயது நிரம்பியவர் ஒரு மடிக்கணினியைத் தனியாக வரியின்றிக் கொண்டுவரலாம். புதிய கைபேசிக்கு அத்தகைய தனிச் சலுகை இல்லை. அதன் விலை பொது வரம்பில் சேர்த்தே கணக்கிடப்படும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி ஒன்று உண்டு. குடும்பமாக வருவோர் தங்கள் வரம்புகளை ஒன்றாகக் கூட்டிக்கொள்ள இயலாது. கணவன், மனைவி இருவருக்கும் தலா 75,000 ரூபாய் வரம்பு உள்ளது என்பதால், 1,50,000 ரூபாய் மதிப்புள்ள ஒரே பொருளை வரியின்றிக் கொண்டுவர முடியாது.

வரம்பை மீறும் தொகைக்கு மட்டுமே வரி விதிக்கப்படும். அடிப்படை வரி 35 சதவீதம், அவ்வரியின் மீது 10 சதவீதக் கூடுதல் வரி எனச் சேர்த்து 38.5 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக உள்ள விகிதம். எடுத்துக்காட்டாக, பொருட்களின் மொத்த மதிப்பு 95,000 ரூபாய் எனில், மிகுதியான 20,000 ரூபாய்க்கு 7,700 ரூபாய் வரி செலுத்த நேரிடும். வெளிநாட்டில் விலை குறைவு என்று எண்ணி வாங்கும் பொருள் உண்மையில் இலாபமா என்பதை இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தங்கம்: எடையும் தங்கிய காலமும்

தேனி, இடுக்கி குடும்பங்களில் திருமணத்துக்கென வெளிநாட்டிலிருந்து தங்கம் வாங்கி வருவது நீண்டகால வழக்கம். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துத் திரும்பும் பெண் 40 கிராம், மற்றவர் 20 கிராம் வரை தங்க நகைகளை வரியின்றிக் கொண்டுவரலாம். 2016ஆம் ஆண்டின் விதிகளில் இந்த எடையுடன் முறையே 1,00,000 ரூபாய், 50,000 ரூபாய் என மதிப்பு வரம்பும் இருந்தது. தங்கத்தின் விலை உயர்ந்ததால், எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்னரே மதிப்பு வரம்பு கடந்துபோயிற்று. புதிய விதிகள் மதிப்பு வரம்பை நீக்கி எடையை மட்டும் அளவாகக் கொண்டுள்ளன.

இச்சலுகை நகைகளுக்கு மட்டுமே உரியது. நாணயம், கட்டி, பிஸ்கட் வடிவிலான தங்கத்துக்குப் பொருந்தாது. பத்து நாள் சுற்றுலா சென்று திரும்புவோருக்கும் இச்சிறப்புச் சலுகை கிடையாது. ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கிய இந்தியர், உரிய தீர்வையை வெளிநாட்டுச் செலாவணியில் செலுத்தி, ஒரு கிலோ வரை தங்கம் கொண்டுவர வழி உண்டு.

இங்கிருந்து புறப்படும்போதே விலை மதிப்புள்ள நகைகளை அணிந்து செல்வோர், விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது அவை ஏற்கெனவே தமக்குச் சொந்தமானவை என்பதற்கு அதுவே ஆதாரம்.

மதுவும் மாநில எல்லையும்

வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு ஒருவருக்கு இரண்டு லிட்டர். சிகரெட் 100 எண்ணிக்கை வரை அனுமதிக்கப்படுகிறது. மின்னணு சிகரெட் இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் சட்டத்தால் தடை செய்யப்பட்ட பொருள். துபாயில் கடைகளில் கிடைக்கிறது என்பதற்காக நண்பர்களுக்கு வாங்கி வருவது குற்றமாகும்.

போடிமெட்டு வழியே செல்வோர் இங்கு கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையச் சுங்கம் அளிக்கும் சலுகை வேறு. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மதுவை எடுத்துச் செல்வதற்கான விதி வேறு. பின்னது கேரளத்தில் கலால் சட்டத்தின்கீழும், தமிழகத்தில் மதுவிலக்குச் சட்டத்தின்கீழும் வருகிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் காவல், வனம், கலால் துறைகளின் சோதனை தொடர்கிறது. கொச்சியில் வாங்கிய புட்டியுடன் எல்லையைக் கடப்போர் இரு மாநில விதிகளையும் முன்கூட்டி அறிந்து, கடைச் சீட்டையும் பயணச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

விதை, செடி, கிழங்கு வேண்டாம்

பரிசுப் பொருட்களுள் மிகச் சிறியதும், மிகுந்த கேடு விளைவிக்கக் கூடியதும் ஒரு பிடி விதையோ ஒரு துண்டுக் கிழங்கோ ஆகும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதைகளையும் நடவுச் செடிகளையும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இன்றிக் கொண்டுவரக் கூடாது. விதை, செடி, பழம், பூ, இறைச்சி, பால் பொருள் ஆகியவை உள்ளனவா என்று சுங்க அறிவிப்புப் படிவத்திலேயே கேட்கப்படுகிறது.

இவ்விதி வெறும் சம்பிரதாயம் அன்று. பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களை அழித்தது. 2010ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்த பின்னரே அது கட்டுக்குள் வந்தது. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் காணப்பட்டுப் பின்னர் பிற இடங்களுக்கும் பரவியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் திருச்சூரில் கண்டறியப்பட்டது. இவை மூன்றும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. இத்தகைய பூச்சிகள் கண்டம் விட்டுக் கண்டம் செல்லப் பெரிதும் துணையாவது செடிகளும் காய்கனிகளுமே ஆகும்.

ஏலக்காய் மலைக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். ஏலத்தைத் தாக்கும் கட்டே நோய் ஒரு வைரசால் வருவது. அசுவினிப் பூச்சியாலும், நோயுற்ற கிழங்குகளை நடுவதாலும் பரவுவது. நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை; வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி. அயல்நாட்டு ஏல வகை ஒன்றை ஆர்வத்தால் கொண்டுவந்து நடுவோர், தம் தோட்டத்தை மட்டுமன்றிப் பக்கத்துத் தோட்டத்தையும் பணயம் வைக்கின்றனர். புதிய வகைகள் வேண்டுவோர் மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ, பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

வளைகுடாச் சந்தையில் பொதியில் அடைத்து விற்கப்படும் ஏலக்காயை அன்பளிப்பாக வாங்கி வருவோரும் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி உலகின் முன்னணி ஏலக்காய் ஏற்றுமதி நாடான குவாத்தமாலாவில் விளைந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இயங்கும் போடிக்கு அதை எடுத்து வருவதில் பயனில்லை.

எவை நல்ல தேர்வு?

மேற்கண்ட வரம்புகளுக்குள் நின்றே நிறைவான பரிசுகளைத் தேர்வு செய்ய இயலும்.

பேரீச்சம்பழம் எல்லா வயதினருக்கும் ஏற்றது. சவூதியின் மதீனாவில் விளையும் அஜ்வா, பெரிய அளவிலான மெஜூல் ஆகியவை புகழ்பெற்றவை. உற்பத்தியாளர் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட, காற்றுப் புகாத பொதியாக வாங்க வேண்டும்.

இலங்கைத் தேயிலை மூணாற்றுத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு வியப்பான பரிசாக இருக்கும். அங்கும் தேயிலை பறிப்போர் பெரும்பாலும் தமிழரே. பொதியில் சிங்க முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். முழுவதும் இலங்கையில் விளைந்து, அங்கேயே பொதியப்பட்ட தேயிலைக்கே அந்நாட்டுத் தேயிலை வாரியம் அம்முத்திரையை அனுமதிக்கிறது.

மலைக்குளிருக்குக் கம்பளி, குளிர்தாங்கும் மேலாடை, நல்ல மழைக்காப்பு உடை ஆகியவை நாள்தோறும் பயன்படும். தோட்ட லயன் வீடுகளில் இடம் குறைவு என்பதால், பெரிய பொருட்களைவிட இவையே வரவேற்பைப் பெறும்.

அத்தர், ஊது போன்ற நறுமணப் பொருட்களை வாங்குவோர் அளவைக் கவனிக்க வேண்டும். அகில் மரம் பன்னாட்டு வன உயிர் வணிக உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளது. தனி ஒருவர் எடுத்துச் செல்ல ஒரு கிலோ மரத்துண்டு, 24 மில்லி எண்ணெய் என்பதே அவ்வுடன்படிக்கை நாடுகள் ஏற்ற அளவு. பவளம், சங்கு, தந்தம், விலங்குத் தோல் ஆகியவற்றால் ஆன நினைவுப் பொருட்களை அறவே தவிர்ப்பது நல்லது.

மின்சாதனங்களில் மின்னழுத்தம் முதன்மையானது. வளைகுடா நாடுகள் பலவற்றிலும், சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலும் 220 முதல் 240 வோல்ட் என்பதால் அங்கு வாங்கும் சாதனங்கள் இங்கும் இயங்கும். செருகியின் வடிவம் மட்டும் மாறும். ஜப்பான், அமெரிக்காவின் 100, 120 வோல்ட் சாதனங்கள் இங்கு எரிந்துபோகக் கூடும். உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தட்டைத் திரைத் தொலைக்காட்சி 2013 ஆகஸ்டில் வரியில்லாச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டது. அதை வாங்கும் எண்ணம் உள்ளோர் வரியைக் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும். டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை உள்ளது.

சுற்றுலாப் பயணியாகச் சென்றோர் அந்நாட்டு வரியைத் திரும்பப் பெறலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். சிங்கப்பூரில் 2024 முதல் 9 சதவீதம். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்து, புறப்படும் விமான நிலையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறர் பொதியைச் சுமக்க வேண்டாம்

‘வீட்டில் கொடுத்துவிடுங்கள் அண்ணே’ என்று விமானம் ஏறும் நாளில் நீட்டப்படும் பொதியே பல துயரங்களுக்குத் தொடக்கம். உள்ளே இருப்பது தங்கமாயினும் போதைப் பொருளாயினும், சட்டத்தின் முன் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அதைச் சுமந்து வந்தவரே. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் பிணை பெறுவதும் எளிதன்று. உறவினர் தரும் பொருளாயினும் பிரித்துப் பார்த்து, தம் கையாலேயே கட்டி எடுத்து வர வேண்டும். இங்கிருந்து செல்லும்போதும் இதுவே நெறி. நம் சமையலறையில் இருக்கும் கசகசா வளைகுடா நாடுகளில் போதைப் பொருளாகக் கருதப்பட்டுச் சிறைத் தண்டனைக்கு இடமளிக்கும்.

சுங்கத்திலும் மலைப்பாதையிலும்

வரம்புக்கு உட்பட்ட பொருட்களை மட்டும் உடையோர் பச்சை வழியிலும், மற்றவர் சிவப்பு வழியிலும் செல்ல வேண்டும். ஐயம் இருப்பின் சிவப்பு வழியே பாதுகாப்பானது. அங்கு அறிவித்தால் வரியோடு முடியும். மறைத்தால் பறிமுதலும் அபராதமும் நேரும். முறையாக அறிவித்த பொருளுக்கு வரி கட்ட விரும்பாதவர், அதைச் சுங்கத்தின் பொறுப்பில் விட்டு, அடுத்த முறை வெளிநாடு செல்லும்போது திரும்பப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. 5,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோட்டுகளையும் அறிவிக்க வேண்டும்.

விமான நிலையத்தைக் கடந்தபின் எஞ்சுவது மலை. மூணாறு முதல் போடி வரையிலான பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. எல்லையிலிருந்து போடிக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கண்ணாடிப் புட்டிகளை ஆடைகளுக்கு இடையே சுற்றி, பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். மலைக்குளிரில் கெட்டியாக இருக்கும் சாக்லேட் போடியின் வெயிலில் உருகிவிடும். அனைத்துக் கடைச் சீட்டுகளும் ஒரே உறையில், எளிதில் எடுக்கும்படி இருக்கட்டும்.

சலுகை வரம்புகளும் வரி விகிதங்களும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. எனவே பயணத்துக்கு முன் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அண்மை நிலையைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். பல ஆண்டு உழைப்பின் சேமிப்பை வரியாகவும் அபராதமாகவும் இழக்காமல், வாங்கிய பொருள் உரியவர் கையைச் சேர அதுவே முதல் படி.