கரையேற்றும் உதவி

ஈகையைத் தனியோர் அதிகாரத்தில் போற்றிய வள்ளுவப் பெருந்தகை, இரத்தலின் துயரை 'இரவச்சம்' என்னும் மற்றோர் அதிகாரத்தில் எடுத்துரைத்தார். கொடுப்பது அறம். ஆயினும், பெறுபவர் என்றென்றும் கையேந்தி நிற்பது அறத்திற்கு அழகன்று. இவ்விரண்டையும் பொருத்தும் வழி யாது? நாம் வாழும் ஐதராபாத்து மாநகரில் நாம் நன்கறிந்த ஒரு பெயரே அதற்கு விடை கூறும்.

வித்யாநகரில் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் பெயரால் விளங்கும் மருத்துவமனையை நம்மவர் பலர் அறிவர். அதனை நிறுவிய ஆந்திர மகிளா சபை 1937 இல் நமது சென்னையிலே பிறந்தது என்பதைச் சிலரே அறிவர்.

1909 இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த அம்மையாருக்கு எட்டாம் வயதிலேயே மணம் நிகழ்ந்தது. வளர்ந்தபின் அப்பந்தத்தினின்றும் விலகினார்; உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். விடுதலையான பின்னரே தனித்துப் பயின்று காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். பின்னர் எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். தாம் ஏறிய படியில் பிறரையும் ஏற்ற விழைந்து, சென்னையில் இளம்பெண்களை அதே தேர்வுக்குப் பயிற்றுவித்தார்.

1953 இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார். ஐந்தாண்டுத் திட்டப் பணிகளுக்கு ஆசிரியைகளும் செவிலியரும் கிராம சேவிகைகளும் தேவைப்பட்டனர். படித்த பெண்களோ போதிய அளவில் கிடைத்திலர். மறுபுறம், கணவனை இழந்தோரும் கைவிடப்பட்டோரும் ஆதரவின்றித் தவித்தனர். ஒரு குறைக்கு மற்றொரு குறையே மருந்தாயிற்று. இடையில் படிப்பை விட்ட வயதுவந்த பெண்களை ஈராண்டில் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் சுருக்கக் கல்வித் திட்டம் 1958 இல் தொடங்கிற்று.

இதற்கு முன்னோடியும் நம்மிடையே உண்டு. இளம் விதவையாக இருந்து 1911 இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற பெண்களைச் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் மாளிகையில் தங்கவைத்துக் கற்பித்தார். பிறர் வீட்டு அடுக்களையில் ஒடுங்கியிருக்க வேண்டியவர் பலர் ஆசிரியைகளாயினர்.

ஆங்கே பாடம் மட்டுமன்று, உணவும் உறைவிடமும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. 'பயிற்சி அளித்தால் போதும், உதவி எதற்கு?' என்பார் சிலர். பசித்த வயிற்றில் பாடம் தங்குமோ? மகவைப் பார்த்துக்கொள்வார் இல்லாத தாய் வகுப்புக்கு வருவது எங்ஙனம்? கற்று முடியும்வரை தாங்கும் உதவி ஓடம் போன்றது. கரையேறியவர் அதனை விட்டு இறங்கிவிடுவர். முதியோர்க்கும் பிணியாளர்க்கும் கைகொடுப்பதோ நம் நீங்காத கடமை.

அன்பர்களே! பண்டிகைதோறும் அரிசியும் புடவையும் வழங்குதல் நன்று, அது தொடர்க. அதனோடு, நம் இல்லங்களில் பணிபுரியும் பெண்களுள் படிப்பை இடையில் விட்ட ஒருத்திக்கேனும் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும், மாலையில் ஒருமணி நேரப் பாடமும் அளிப்போமாக. ஈராண்டுக்குப்பின் அவள் நம்மிடம் கேட்க வரமாட்டாள். நம்மோடு சேர்ந்து கொடுக்க வருவாள்.