வெற்றுக் கட்டத்தின் பொறுமை

1987ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில், வானளாவிய கட்டடத்தின் சன்னல்களைக் கொண்டே படம் வரையலாம் என்று காட்டிப் பரிசு பெற்றார், நோன் இஷிதா என்னும் வரைகலைப் பதிப்பாசிரியர். சில சன்னல்களில் விளக்கை ஏற்றி, மற்றவற்றில் அணைத்துவிட்டால், கட்டம் கட்டமாக ஓர் உருவம் எழும். அடுத்த ஆண்டே இஷிதா இதனைத் தாளுக்குக் கொண்டுவந்து, 'சன்னல் ஓவியப் புதிர்' என்ற பொருள்படும் பெயரில் மூன்று புதிர்களை வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் தெத்சுயா நிஷியோ என்ற மற்றொரு ஜப்பானியப் புதிர்ப் படைப்பாளர், இதே வகைப் புதிரைத் தம்மளவில் தனியே கண்டறிந்தார். 1990இல் இங்கிலாந்தின் 'சண்டே டெலிகிராஃப்' இதழ் இப்புதிரை வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. அங்கு ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர், இஷிதாவின் முதற்பெயரை நினைவுகூரும் வகையில் இதற்கு 'நோனோகிராம்' எனப் பெயர் சூட்டினார்.

இப்புதிரின் விதி மிக எளியது. சதுரக் கட்டங்கள் நிறைந்த பரப்பு ஒன்று தரப்படும். ஒவ்வொரு கிடைவரிசைக்கும் பக்கத்தில் எண்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மேலே எண்கள். '3, 1' என்று இருந்தால், அந்த வரிசையில் தொடர்ச்சியாக மூன்று கட்டங்களும், குறைந்தது ஒரு கட்டம் இடைவெளி விட்டு மேலும் ஒரு கட்டமும் கறுப்பாக்கப்பட வேண்டும் என்று பொருள். எங்கே தொடங்குவது, எவ்வளவு இடைவெளி என்பன சொல்லப்படுவதில்லை. கிடைவரிசையும் நெடுவரிசையும் ஒன்றுக்கொன்று சான்று கூற, மறைந்திருக்கும் படம் மெல்ல மெல்ல வெளிப்படும். சொல்லறிவோ பொதுஅறிவோ தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

இப்புதிர் கையடக்கக் கருவிக்குள் புகுந்த வரலாறு சுவையானது. நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் என்ற வடிவமைப்பாளர் பணியாற்றினார். அதிவேக இரயிலில் பயணம் செய்த ஒருவர், பொழுதுபோகாமல் கணக்கிடும் பொறியின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். அக்காட்சியிலிருந்தே 1980இல் 'கேம் அன்ட் வாட்ச்' என்ற சிறு விளையாட்டுக் கருவி பிறந்தது. 1989இல் அவருடைய குழுவினர் உருவாக்கிய 'கேம் பாய்' விற்பனைக்கு வந்தது. பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்திற்குப் புதுப் பயன் காண்பதே யோகோயின் கொள்கை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரைகளைக் கொண்டுவந்தபோதும், கேம் பாய் நான்கே சாயல்கள் கொண்ட மங்கலான திரையுடன் நின்றது. அகலத்தில் 160, உயரத்தில் 144 எனச் சிறு புள்ளிகளால் ஆனது அத்திரை. நான்கு சிறு பாட்டரிகள் பல மணி நேரம் அதற்கு உயிர் கொடுத்தன.

மற்ற விளையாட்டுகளுக்குக் குறையாகத் தோன்றிய இந்த எளிமை, நோனோகிராமுக்கு இயல்பான வீடாக அமைந்தது. சன்னல்களில் விளக்கேற்றி அணைப்பதும், திரையின் புள்ளிகளை இருளச் செய்வதும் ஒரே செயல்தானே! 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் 'மாரியோவின் பிக்ராஸ்' வெளிவந்தது. படம் என்பதற்கும் குறுக்கெழுத்து என்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இணைத்து ஆக்கிய பெயர் 'பிக்ராஸ்'. இதனை உருவாக்கியதில் ஜூபிடர் நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. இதில் மாரியோ தொல்பொருள் ஆய்வாளராக வருகிறார். கட்டத்தைக் கறுப்பாக்குவது உளி கொண்டு செதுக்குவதாகவே காட்டப்படுகிறது. ஒவ்வொரு புதிருக்கும் முப்பது நிமிடங்கள். தவறான கட்டத்தைச் செதுக்கினால், முதல் தவறுக்கு இரண்டு நிமிடங்களும், அடுத்ததற்கு நான்கும், அதற்குப் பின் ஒவ்வொன்றுக்கும் எட்டும் பறிபோகும்.

மேலை நாடுகளிலும் இவ்விளையாட்டு வெளியிடப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. எனவே, தொலைக்காட்சியுடன் இணைக்கும் கருவிக்காக அதே 1995இல் வந்த 'மாரியோவின் சூப்பர் பிக்ராஸ்', கேம் பாய்க்காக 1996இல் வந்த 'பிக்ராஸ் 2' ஆகிய இரண்டும் அப்போது ஜப்பானில் மட்டுமே வெளியாயின. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல் 'பிக்ராஸ் டிஎஸ்' மேலை நாடுகளுக்குச் சென்றபோது நிலைமை மாறியிருந்தது. அதன்பின் இவ்வரிசை அங்கும் தொடர்ந்து வெளிவரலாயிற்று. வேகமோ, போரோ, கதையோ இல்லாத ஒரு விளையாட்டு இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்பதன் காரணம் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பதினைந்து கட்டங்கள் கொண்ட வரிசைக்கு '8' என்ற ஒரே எண் தரப்பட்டுள்ளது. எட்டுக் கட்டங்களையும் இடக்கோடியில் வைத்தாலும், வலக்கோடியில் வைத்தாலும், நடுவிலுள்ள எட்டாவது கட்டம் கறுப்பாகவே இருக்கும். எனவே அந்த ஒன்றை மட்டும் நாம் ஐயமின்றிச் செதுக்கலாம். எண் '7' ஆக இருந்தால் அதுவும் இயலாது. வரிசை தானாக எதையும் சொல்லாது. பிற வரிசைகள் பேசும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தெரிந்த அளவுக்குச் செய்து, தெரியாத இடத்தில் கையை நிறுத்தும் இந்த ஒழுங்கிலேதான் பிக்ராஸின் இன்பம் அடங்கியிருக்கிறது.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. இஷிதாவின் சன்னலுக்கு இரண்டே நிலைகள்: ஒளி, இருள். முடிந்த புதிருக்கும் அவ்வாறே. ஆனால் புதிரை விடுவிப்பவரின் முன்னுள்ள கட்டத்திற்கு மூன்று நிலைகள் உண்டு. கறுப்பு என்றால் 'ஆம்'. பெருக்கல் குறி இட்டால் 'இல்லை'. வெறுமையாக விட்டால் 'இன்னும் தெரியவில்லை'. புதிதாக ஆடுபவர் கறுப்புக் கட்டங்களையே தேடுகிறார். தேர்ந்தவரோ 'இல்லை' என்ற குறியையும் அதே மகிழ்ச்சியுடன் இடுகிறார். ஏனெனில் ஒரு கட்டம் விலக்கப்பட்டால், அதை வெட்டிச் செல்லும் வரிசையில் மற்றொன்று உறுதியாகும். இவ்விரண்டையும்விடக் கடினமானது, வெறுமையை வெறுமையாகவே விட்டுவைக்கும் பொறுமை.

அப்பொறுமையை இழந்து ஊகத்தால் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினால் என்ன நேரும்? 'சூப்பர் பிக்ராஸ்' விளையாட்டில் இருவகைப் புதிர்கள் உள்ளன. மாரியோவின் புதிர்களில் பிழை உடனே சுட்டப்படும், நேரமும் குறையும். அவருடைய எதிராளி வாரியோவின் புதிர்களிலோ நேரக் கட்டுப்பாடும் இல்லை. பிழையைச் சுட்டுவாரும் இல்லை. முன்னது கண்டிப்பான ஆசிரியர் போன்றது. பின்னது வாய் திறவாத நீதிபதி போன்றது. பின்னதில், ஊகித்து நிரப்பிய ஒரு கட்டத்தைச் சான்றாகக் கொண்டு இன்னொன்றை நிரப்புகிறோம். அதைக் கொண்டு மற்றொன்றை. ஒவ்வோர் அடியும் முறையாகவே தோன்றும். பரப்பின் மறுமூலையில், எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முட்டும்போதுதான் கேடு தெரியவரும். அப்போது எது அறிந்து இட்டது, எது ஊகித்து இட்டது என்று பிரித்தறிய வழியிராது.

புதிரை அமைப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. இரண்டுக்கு இரண்டாக நான்கே கட்டங்கள். எல்லா வரிசைக்கும் '1' என்று எண் கொடுத்துப் பாருங்கள். இரு மூலைவிட்டங்களில் எதைக் கறுப்பாக்கினாலும் விடை சரியே. எது சரி என்று முடிவு செய்ய எவராலும் இயலாது. 1996இல் உயேடா, நாகாவோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் இருவர், பொதுவான நிலையில் இவ்வகைப் புதிரை விடுவிப்பது, கணினியியலில் மிகக் கடினமானவை எனக் கருதப்படும் கணக்குகளின் வகுப்பைச் சார்ந்தது என்று நிறுவினர். முடிந்த விடையைச் சரிபார்ப்பது எளிது. எல்லாப் புதிர்களையும் விரைந்து விடுவிக்கும் முறையோ இதுவரை அறியப்படவில்லை. எனவே, நல்ல புதிரை அமைப்பவர் விடை ஒன்றே என்பதையும், ஊகமின்றி அதை அடையும் வழி உண்டு என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்கிறார். முகமறியாத அவர்மேல் வைக்கும் நம்பிக்கையால்தான், வழி அடைபட்டதுபோல் தோன்றும்போதும் நாம் கருவியை வீசி எறியாமல், எண்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறோம்.

இந்த உறுதிப்பாடே இவ்விளையாட்டின் ஆறுதல். இதன் எல்லையும் அதுவே. அன்றாட வாழ்வில் நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் குறையானவை. விடை ஒன்றே என்று எவரும் நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆயினும் அண்டை வீட்டாரைப் பற்றியும், உடன்பிறந்தாரைப் பற்றியும், ஏன், முன்பின் அறியாதவரைப் பற்றியும் கூட, கேட்ட ஒரு சொல்லைக் கொண்டு முழுப் படத்தையும் தீட்டிவிடுகிறோம். பதினைந்தில் எட்டு என்ற சான்று இருந்தும் ஒரே கட்டத்தைத்தான் நிரப்பலாம் என்று அந்த எளிய விளையாட்டு கற்பிக்கிறது. நாமோ ஒன்றைக் கேட்டவுடன் பதினைந்தையும் நிரப்பிவிடுகிறோம். ஒருமுறை நம் மனத்தில் கறுப்பாகிவிட்டவர், பின்னர் எத்தனை சான்று வந்தாலும் எளிதில் வெளுப்பதில்லை.

ஆதலால், பிள்ளைகள் கைக்கருவியில் கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கக் கண்டால், எத்தனை புதிர்களை முடித்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். வெறுமையாக விட்டிருக்கும் ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டி, 'இதை ஏன் இன்னும் நிரப்பவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். 'இன்னும் தெரியவில்லை' என்று கூச்சமின்றிச் சொல்வார்கள். அவ்விடையைப் பெரியவர்களாகிய நாமும் சொல்லப் பழகுதல் நன்று.