நிலக்கரியும் பண்டைச் சதுப்பு நிலமும்

நிலக்கரி பண்டைச் சதுப்புகளிலே திரண்ட தாவர எச்சங்களின் விளைவு என்பது அறிஞர் ஒப்பிய உண்மையாகும். ஆயின், அச்சதுப்பு எத்தகையது என்பதை நிலக்கரித் துண்டொன்றே உணர்த்தவல்லதா?

1919 ஆம் ஆண்டிலே பிரித்தானியத் தாவரவியலாளர் மேரி ஸ்ரோப்ஸ் அம்மையார் நிலக்கரியின் பட்டைகளை நான்காக வகுத்தார். பாறைக்குக் கனிமம்போல நிலக்கரிக்கு அமைந்த நுண்கூறுகளுக்கு 1935 இல் 'மசெரல்' எனப் பெயரிட்டவரும் அவரே. நுணுக்குக்காட்டியில் நோக்குங்கால், மரவிழையத்திலிருந்து தோன்றிய விற்றினைற்று நீர் தேங்கிய சூழலைக் குறிப்பதாகவும், மரக்கரியையொத்த இனேற்றினைற்று தீயையோ உலர்வையோ குறிப்பதாகவும் கொள்ளப்பட்டன. 1986 இல் கிளவுஸ் டீசெல் என்பார் அவுஸ்திரேலியப் பேர்மியன் கால நிலக்கரிகளை ஆராய்ந்து, இழையம் பேணப்பட்ட அளவையும் கூழாகிய அளவையும் இரு சுட்டெண்களாக்கினார். அவற்றின்வழிச் சதுப்பின் இயல்பை வரையறுக்கும் முறை பலராலும் கைக்கொள்ளப்பட்டது.

எனினும், மலேசியாவின் தாசெக் பெராவிலே இன்றும் உருவாகிவரும் பீற்றுப் படிவில் இவ்விகிதங்களை அளந்து 2001 இல் வெளியான ஆய்வு, அவை கண்முன்னுள்ள சூழலோடு பொருந்தாமையைக் காட்டிற்று. தாவரவகை, சிதைவு, பிற்கால அமுக்கம் ஆகியனவும் விகிதங்களை மாற்றவல்லன. ஆதலின் மசெரல் தரும் சான்று, மகரந்தம், சாம்பர், அயற்படிவுகள் ஆகியவற்றோடு ஒப்புநோக்கப்பட்ட பின்னரே வரலாறாக ஏற்கப்படல் வேண்டும்.