யார் கைக்கு எட்டிய அலமாரி?

தமிழில் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. சிறந்த நாவல் பத்து, படித்தே தீரவேண்டிய புத்தகம் நூறு என்று எழுத்தாளர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1950களில் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு எழுதியதிலிருந்து இது ஒரு மரபாகவே ஆகிப்போனது. நமக்கும் பட்டியலைப் பார்த்தால் கை பரபரக்கிறது. எத்தனை முடித்தோம், எத்தனை பாக்கி என்று டிக் அடிக்கிறோம். பட்டுத்தறி ஓடும் ஆரணியில், சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் “என்ன படிக்கலாம் தோழர், ஒரு லிஸ்ட் குடுங்க” என்றுதான் கேட்கிறது. வீட்டில் புத்தகமே இல்லாதவருக்குப் பட்டியல் ஒரு கைத்தாங்கல். அதைக் கேலி பண்ண வேண்டாம். ஆனால் அதைப் போட்டவர் யார், அவர் கைக்கு எட்டிய அலமாரி எது என்று கேட்டாக வேண்டும்.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். இல்லை. சைவ மடத்தில் பயின்றவரின் பட்டியலில் சமணக் காப்பியமும் இல்லை, பௌத்தக் காப்பியமும் இல்லை. அந்தக் கேள்வியின் விளைவாக 1887இல் சிந்தாமணியும் 1898இல் மணிமேகலையும் அச்சேறின.

அதே 1898இல்தான் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். துரை வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரை கைக்குச் சேர்த்தார் என்று எழுதியவர் அவர். ஏடு காத்தவர்கள் வரிசையில் கந்தப்பன் பெயரை எத்தனை பாடநூல் சொல்லியிருக்கிறது? 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1914இல் சாகும்வரை நடத்தினார். பிறகு அவர் எழுத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் கோலார் தங்கவயல் பௌத்தர்கள். நம்ம வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன சனங்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே மாரிக்குப்பத்தில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. பொதுவாசகர் கைக்கு அவை பெருந்தொகுப்பாக வந்தது 1999இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்தபோதுதான். நடுவில் 85 வருஷம். அதற்குள் எத்தனை இலக்கிய வரலாறுகள், எத்தனை பட்டியல்கள்! படித்துப் பார்த்துத் தள்ளியிருந்தாலாவது சண்டை போடலாம். எடுத்தே பார்க்கவில்லை.

இன்னொரு விதமான பட்டியலும் உண்டு. சென்னையில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு, சாக்கிய பௌத்தர்களோடு நின்றவர். பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி 1907இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1934இல் இறந்துபோனார். 1948இல் அந்நூல் மூன்றாம் பதிப்பு கண்டபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். பௌத்தம் பற்றி நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் இதைச் சொல்வேன் என்ற பொருளில் அதில் எழுதினார். எட்டு வருஷம் கழித்து, 1956இல், நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அவர் போட்ட பட்டியல் ஒரே புத்தகம். அது சனங்களை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே தோழர்களே, நம்ம பட்டியலை நாமே போடுவோம். அயோத்திதாசர், அம்பேத்கர், லட்சுமி நரசு இருக்கட்டும். 1989இல் வந்த சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ இருக்கட்டும். க.நா.சு. சொன்னதையும் படிக்கட்டும், பயமில்லை. பேர் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. கேட்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போங்க. புத்தகம் இல்லையென்றால் வாங்கிப்போடச் சொல்லி மனு எழுதுங்க. கொடுக்கிற பட்டியலின் அடியில் நாலு வரி காலியாக விடுங்க. நம்ம கைக்கு எட்டாததை அந்தப் பிள்ளை எழுதட்டும்.