ஒரு லட்ச ரூபாய் இராட்டை

1929ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. நல்ல இராட்டை ஒன்றைச் செய்து தருபவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு! அறிவித்தது, காந்தியடிகள் 1925இல் தோற்றுவித்த அகில இந்திய சர்க்கா சங்கம். நிபந்தனைகள் இலேசானவை அல்ல. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. குடிசையில் இருக்கும் ஒரு பெண் அதிகக் களைப்பின்றி எட்டு மணி நேரம் சுற்றக்கூடியதாக இருக்கவேண்டும். அந்த எட்டு மணியில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 அடி கிடைக்கவேண்டும். இருபது ஆண்டுகள் உழைக்கவேண்டும். பரிசு யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இதில் அப்படி என்ன சிரமம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். நம்பரின் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால், ஓர் அங்குல நூலுக்குச் சுமார் எத்தனை முறுக்கு வேண்டும் என்பது தெரியும். 16ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்கு 16 முறுக்கு. எட்டு மணியில் 16,000 அடி என்றால் நிமிடத்துக்கு 400 அங்குலம். ஆகவே கதிர் நிமிடத்துக்கு 6,400 முறை சுழலவேண்டும்.

மலைக்கவேண்டாம். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ., கதிரில் கயிறு ஓடும் இடத்தின் விட்டம் 6 மி.மீ. என்று கொள்வோம். சக்கரம் ஒரு முறை சுற்றினால் கதிர் நூறு முறை சுற்றும். கயிறு சிறிது வழுகினாலும், நொடிக்கு ஒன்றிரண்டு சுற்று போதும். அதை ஒரு பாட்டியம்மாளும் செய்துவிடுவார். அப்படியானால் தடை சக்கரத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

நூற்பவரின் கையைக் கவனித்தால் அது புலப்படும். நூல் கதிரின் நுனியிலிருந்து சாய்வாகச் செல்லும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நுனியைவிட்டு வழுகுகிறது. அதனால் முறுக்கு ஏறுகிறது. ஒரு கை நீளம் நூல் ஆனதும், சக்கரத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் புதுநூல் ஓர் அங்குலமும் பிறப்பதில்லை. மேலும், பஞ்சுப் பட்டையிலிருந்து இழைகளைச் சீராக விடுவிப்பவை இடக்கை விரல்கள். அவற்றின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லை மிகப் பழையது. எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கீழடியில் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. புறநானூற்றில் இரவில் விளக்கொளியில் பஞ்சு வேலை செய்யும் பெண் வருகிறாள். இராட்டைச் சக்கரமோ பின்னால் வந்தது. 1350இல் இசாமி எழுதிய பாரசீக நூலில் அதைப்பற்றிய குறிப்பு உள்ளது. தக்களி போய்ச் சக்கரம் வந்தபோது சுழற்றும் வேலைதான் எளிதாயிற்று. இழுப்பதும் சுற்றுவதும் மாறி மாறியே நடந்தன.

1927இல் காந்தியடிகள் கதர் நிதிக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றி, புதுக்கோட்டைக்குத் தெற்கேயுள்ள செட்டிநாட்டு ஊர்களுக்கும் வந்தார். பிறகு எரவாடா சிறையில் அவர் உருவாக்கிய பெட்டி இராட்டை புகழ்பெற்றது. அதில் பெரிய சக்கரம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அது கதிரைச் சுழற்றும். பத்து மடங்கும் பத்து மடங்கும் பெருகி நூறு மடங்காவது போன்ற ஏற்பாடு! கையில் தூக்கிச் செல்லலாம். எனினும் பழைய தடை அப்படியே இருந்தது.

ஆலைகளில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. 1769இல் ஆர்க்ரைட் உரிமம் பெற்ற பொறியில், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைகள் விரல்களின் வேலையைச் செய்தன. 1828இல் அமெரிக்கரான தார்ப், கதிரைச் சுற்றி ஒரு வளையத்தை அமைத்தார். இம்முறையில் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே சமயத்தில் நடைபெறும், நிறுத்தவே வேண்டியதில்லை.

இவ்விரண்டையும் கையால் சுற்றும் இராட்டைக்குள் கொண்டுவந்தவர் திருநெல்வேலி மாவட்டத்து ஏகாம்பரநாதன். அவர் பெயரிலிருந்தே ‘அம்பர் சர்க்கா’ என்ற பெயர் வந்தது. (அம்பர் என்றால் இந்தியில் வானம், வடநாட்டிலும் பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது.) ஒரே கைப்பிடியில் பல கதிர்கள் சுழன்றன. 1956இல் மத்திய அரசு இதை ஆராயக் குழுவே அமைத்தது. ஆனால் இதற்கு முன்கூட்டியே சீராக்கிய திரி வேண்டும். பஞ்சை அப்படியே கொடுக்கமுடியாது. நூற்பவரின் விரல்களுக்கும் வேலை குறைந்துபோயிற்று.

பிழைப்புக்கு நூற்பவருக்கு அம்பர் சர்க்காவே ஏற்றது. கூலி நூலின் அளவைப் பொறுத்தது அல்லவா? பொழுதுபோக்காக நூற்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அவருக்கு இன்பம் தருவது அந்தத் தாமதமான விரல் வேலைதான். அவருக்குத் தக்களியோ பெட்டி இராட்டையோ போதும். தக்களியின் வட்டு விளிம்பில் கனமாக இருக்கட்டும். நிலைமத் திருப்புத்திறன் கூடி, சுழற்சி நெடுநேரம் நிற்கும். முறுக்குப் போதுமா என்று அறிய, புதிதாக நூற்ற நூலில் ஒரு சாண் எடுத்து இரு முனைகளையும் அருகே கொண்டுவாருங்கள். தானே பின்னிக்கொண்டால் முறுக்கு ஏறியிருக்கிறது. தளர்ந்து தொங்கினால், தக்களியை இன்னும் நாலு சுண்டு சுண்டுங்கள்.