தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 2017ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் உருவாக்கிய மாற்று இசைக்குழு இது. இதன் பெயர், பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) வலியுறுத்திய, சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தைத் தழுவியது. 19 கலைஞரைக் கொண்ட இக்குழு 2018 ஜனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது.

வடசென்னை உழைப்பாளரின் பாட்டு வடிவமான கானா, சாவு வீட்டில் இரவு முழுதும் பாடப்பட்டு வளர்ந்தது. அதனாலேயே நெடுங்காலம் இழிவாகவும் பார்க்கப்பட்டது. கானாவுடன் பறையையும், தாளத்தோடு பேச்சாகச் சொல்லிச் செல்லும் ராப்பையும், கிட்டார், ட்ரம்ஸ் ஆகியவற்றின் ரொக் இசையையும் ஒரே மேடையில் சேர்த்ததே இக்குழுவின் தனித்தன்மையாகும். மேலைக் கருவிகளுக்கு இடையே நாட்டுக் கருவியை ஓர் அலங்காரமாக மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு மாறாக, இங்கே பறையின் அடியே பாட்டை நடத்திச் செல்ல, கிட்டார் அதைத் தொடர்ந்து வருகிறது. இடஒதுக்கீடு, உணவுரிமை, கையால் மலம் அள்ளும் கொடுமை ஆகியவற்றைப் பாடிய இக்குழுவில், ஆண்களே கோலோச்சிய கானாவைப் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவின் பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவு தமது தனிப் படைப்புகளில் இவ்வோசையை வேறொரு திசைக்குக் கொண்டு சென்றார். 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்ட அவர், 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில், இறந்தோரை விளித்து அழும் ஒப்பாரியின் சாயலை நடனத் தாளத்தோடு இணைத்தார். கானாவைப் போலவே ஒப்பாரியும் சாவு வீட்டில் பிறந்த கலை என்பதால் இந்த மாற்றத்தை விலகலாகக் கொள்வது தவறு. உண்மையில் அது வேரை நோக்கிய நகர்வாகும்.

இலங்கை மலையகத்தில் இப்பாடல் தனிப் பொருள் பெறுகிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இந்திய வம்சாவளி மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்ததன் விளைவாக, நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளிலிருந்து குடும்பங்கள் ரயிலில் தலைமன்னார் சென்று கப்பலேறின. லயன் எனப்படும் வரிசை வீடுகளில் கூடப் பிறந்தோரே இரு நாட்டவராயினர். தமிழகத்தில் பறை எனப்படும் கருவி இங்கே தப்பு எனப்படுகிறது. விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அழைத்ததும், காமன் கூத்தை ஆட வைத்ததும், சாவுக்கு முன்னே நடந்ததும் அதுவே. தோட்டத்துப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) அரிதின் முயன்று தொகுத்ததால் அவற்றின் சொற்கள் நிலைத்தன. அவற்றுக்கு உயிரூட்டிய மக்களின் துயரோ, கப்பலேறிச் சென்றவரின் பேரன் வழியாக, அரை நூற்றாண்டு கழித்து ஒலிபெருக்கியில் திரும்பி வந்தது.

அறிவு பின்னர் 'தி அம்பாஸா' என்னும் குழுவை அமைத்தார். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பாட்டியின் பெயரையே சூட்டினார்.